தூணோரத்துக் குரல்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இடியப்பம் பிழிகிற நாள். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரனுக்குக் காடியை, அதான் காரைப் பிரிக்கிற நாள். எனக்கு வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டு பசியாறப் போய்விடுவார்கள். அவனுக்கு முடியவே முடியாது. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டு வாசலிலும் காடி நிற்கும். அவன் வீட்டு வாசலில் மட்டும் காடி குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடக்கும். கதவின் உள்பலகை ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம். நடுவில் மூன்று ஆம்பளைகள், இன்னும் பல்லே விளக்காமல்.

பரமேஸ்வரன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். அவனோடு சேர்ந்த இரண்டு பேர். ஒருத்தன் நிஜாம், பிரிக்பீல்ட்ஸில் காடிக்கு ஏர்கோன் போட்டு, வயரிங் பார்க்கிற கடை வைத்திருக்கிறான். இன்னொருத்தன் ரிஷி, பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் உத்தியோகம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அடுத்தவன் காடிக்கு அடியில் படுத்துக் கிடந்தால் எங்கேயிருந்து ஆகும்?

சவுண்டுப் போட்டி என்று ஒன்று இருக்கிறது. யார் காடி அதிகமாகக் கத்துகிறது என்று பார்ப்பார்கள் போல என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அதுவும் உண்டாம், அது வேறு பிரிவாம். இவர்கள் சேர்ந்திருப்பது சுத்தமான சத்தத்துக்கான பிரிவு. நடுவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, தான் கொண்டுவந்த பாட்டைப் போட்டுக் கேட்பார். கண்ணை மூடினால், பாடுகிறவர் டேஷ்போர்டுக்கு மேலே நேர் நடுவில் நின்று பாடுகிற மாதிரித் தெரிய வேண்டுமாம். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவன், அவனுக்கு வலது ஸ்பீக்கர் கிட்டே, இடது ஸ்பீக்கர் தூரம். அதனால் குரல் எந்நேரமும் வலது பக்கம் ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்துவதுதான் இவர்களுடைய வித்தை. இதெல்லாம் நான் கேட்காமலே நிஜாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு கோப்பி கொடுத்தால் போதும், அவன் ஒரு மணி நேரம் பேசுவான்.

காடி என்னவோ பழைய காடிதான். ஆனால் அதன் உள்ளே கதவு, தரை, கூரை எல்லா இடத்திலும் கறுப்புத் தார் ஷீட்டை ஒட்டி வைத்தார்கள். தகரம் அதிரக் கூடாதாம். வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாதாம். ஷீட்டைச் சூடு காட்டி ஒட்டத் தாமரையின் முடி காயவைக்கிற மெஷினை எடுத்தார்கள், அது புகைந்து செத்தது. உருட்டி அழுத்த என் சப்பாத்திக் கட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். போனது போனதுதான். தார் ஒட்டின கட்டையில் எவன் சப்பாத்தி தேய்ப்பான்?

தாமரை அவன் பெண்டாட்டி. இந்தக் கதையே அவளைப் பற்றித்தான். ஆனால் பாருங்கள், அந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கும் முதலில் காடிதான் வாயில் வருகிறது.

அவள் பாடுவாள். பாடினாள் என்று சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கோயிலில் உஷாராணி என்கிற அம்மா பஜனைக் குழு நடத்திக்கொண்டிருந்தார். அதில் இவள்தான் முதல் குரல். ஒரு நவராத்திரிக்கு அவர்கள் மண்டபத்தில் பாடினதை நிஜாம் நல்ல ரெக்கார்டிங் மெஷின் வைத்துப் பிடித்து வைத்திருந்தான். அவர்களே கட்டின அம்மன் பாட்டு ஒன்று, அதில் முக்கால்வாசி தாமரை தனியாகப் பாடுவாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டால் கையில் இருக்கிற இடியப்ப அச்சு அப்படியே நின்றுவிடும்.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் கட்டி. தைராய்டு. ஆபத்தான கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை. காற்றுதான் நிறைய வரும், நடுவில் கரகரவென்று கொஞ்சம் சத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்தால் புரியும். மின்விசிறி ஓடினால் புரியாது. குழம்பு கொதித்தால் புரியாது. காலையில் அவள் அடுப்படியில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்வாள். ஆ என்று இழுப்பாள், பாதியில் அறுந்துவிடும். மறுபடி இழுப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மாவு பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் உள்ளே தூங்குவான்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. குடித்துவிட்டு அடிக்கிறவன் என்றால் நான் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். இவன் ஆபரேசனுக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவன். பத்துமலைக்கு நடந்தே போகிறேன் என்று வேண்டிக்கொண்டு போனவன். ஆனால் அவள் குரல் திரும்பி வராமல் போனதும் அவனுக்குள் ஏதோ மூடிக்கொண்டது. லோரியில் இருக்கும்போது அவள் போன் செய்தால், "தாமரை, ஒண்ணும் வெளங்கல, மெசேஜ் போடு" என்றான். ஒரு தரம், இரண்டு தரம். அதற்குப் பிறகு அவள் போன் செய்வதையே விட்டுவிட்டாள். வீட்டிலும் அப்படித்தான். "என்னாது? வெளங்கல, திரும்பச் சொல்லு." அவள் திரும்பச் சொல்வாள். இரண்டாவது தரம் சொல்லும்போது தொண்டை வலிக்கும் அவளுக்கு. அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாய் அப்படித்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் நிஜாம் அந்தப் பழைய பாட்டைக் கொண்டுவந்து காடியில் போட்டான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இந்தப் பாட்டை வைத்தே காடியைச் சரி பண்ணுவேன், இதை வைத்தே போட்டியில் ஜெயிப்பேன் என்று பரமேஸ்வரன் கிளம்பிவிட்டான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூராவும் தாமரை காடிக்குள் பாடிக்கொண்டிருந்தாள். இன்னொரு தாமரை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

போன தடவை ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான்தான் போனேன். டாக்டர் நல்ல மனுசன், ஒளிக்காமல் சொன்னார். தொண்டைக்குள் ஒரு ஊசி போடலாம், பேச்சு இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கெட்டிப்படும், ஆனால் பாட்டை மறந்துவிடம்மா என்றார். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, பேசி முடிவு பண்ணலாம் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அவர்கிட்ட வாயைத் தொறந்துடாதீங்க. எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துடறேன். டாக்டரே சொல்லட்டும்."

"ஏன், நீ சொல்றதுக்கு என்ன?"

"நான் சொன்னா வெளங்கலம்பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவள் அழவில்லை, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கூட்டிக்கொண்டு வர அதற்குப் பிறகு ஒரு நாள் குறித்தார்கள், அன்றைக்குக் காடியின் ஆம்ப்ளிபையர் எரிந்துபோய் அவன் நிஜாம் கடையில் இருந்தான். இன்னொரு நாள் குறித்தார்கள், அன்றைக்கும் ஏதோ ஒன்று. கடைசியாகக் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. போட்டி அதற்கு முந்தின ஞாயிறு.

போட்டிக்கு முந்தின வாரம் கேரி தீவிலிருந்து பரமேஸ்வரனின் அண்ணன் நண்டு கொடுத்தனுப்பியிருந்தார். தாமரை மிளகு தூக்கலாகப் பிரட்டி வைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நான் கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்கப் போனால், வாசலில் மூன்று பேருக்கும் வாய்ச்சண்டை.

ரிஷி பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணே, மைக் வச்சுப் பாத்துட்டேன். நீங்க சொல்ற அளவுக்குத் தள்ளினா மொத்தமும் வலது பக்கம் சாயுது."

"எங்கடா சாயுது? முன்னாடி வந்து உக்காந்து கேளு. இப்பதான் நடுவுல வந்து நிக்கிறா."

"இந்தப் பாட்டுக்கு நிக்குது. வேற பாட்டுப் போட்டுப் பாருங்களேன்."

"வேற பாட்டு எதுக்கு எனக்கு? எவளோ ஒருத்தி எங்க நின்னு பாடுனான்னு எனக்கு என்ன தெரியும்? இது என் பொண்டாட்டி குரல். கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து கேக்கறேன்."

"மெஷின் பொய் சொல்லாதுண்ணே."

"மெஷின் கல்யாணம் கட்டியிருக்கா?"

நிஜாம் அப்போதுதான் தொழுதுவிட்டு வந்திருந்தான், நெற்றி ஈரம்கூடக் காயவில்லை. "விடு லா ரிஷி. மச்சான் காதுதான் மீட்டர். நாம திருகறதைத் திருகுவோம்."

"பாய், நீங்களும் இப்படிச் சொன்னா எப்படி? போன தடவையும் இப்படித்தான் பண்ணித் தோத்தோம்."

"போன தடவ கதவு அதிர்ந்துச்சு, அதனால தோத்தோம். இப்பத்தான் கல்லாட்டம் இருக்கே."

ரிஷி முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தன் அளவைத் தனியாகச் சேவ் பண்ணி வைத்துவிட்டு, அண்ணன் சொன்ன அளவைப் போட்டுக் கொடுத்தான். மறுபடி பாட்டு ஆரம்பித்தது.

அப்போது தாமரை வாசல் கதவுக்கு வந்தாள். "சாப்பிட வாங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. காடிக்குள் அவள் குரலே மேல் ஸ்தாயிக்குப் போய்க்கொண்டிருந்தது. இவள் மறுபடி, "சோறு ஆறுது, வாங்க" என்றாள். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் கரண்டியோடு நின்றாள். தன் குரலையே முந்தப் பார்க்கிறாள், முடியவில்லை. நான் அதைப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காடிக் கண்ணாடியில் படபடவென்று தட்டினேன்.

"ஏம்பா, காது கேக்கறவனுங்கதானே நீங்க? அவ எவ்வளவு நேரமா கூப்பிடறா?"

பரமேஸ்வரன் பதறிக்கொண்டு இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை, காடிக் கண்ணாடியில் கீறல் விழுந்ததா என்று பார்த்தான். பிறகு, "வரோம்கா, வரோம்" என்றான்.

சாப்பிடும்போது நானும் இருந்தேன். இரு என்று தாமரை கண்ணாலேயே சொன்னாள். நண்டை உடைத்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அவள் சொன்னாள். "அடுத்த செவ்வாய்க்கெழம ஆஸ்பத்திரி."

"என்னாது?"

"செவ்வாய்க்கெழம. ஆஸ்பத்திரி. நீங்க வரணும்."

"பாக்கலாம்மா. ஜெயிச்சா அடுத்த சுத்து ஜோகூர்ல. காடிய மறுபடி எறக்கணும். லீவும் பாக்கணும்ல?" நண்டு ஓட்டை உறிஞ்சிவிட்டு வைத்தான். "நீ ஏன் கவலப்படற? எல்லாம் சரியாயிடும். நீ திரும்பப் பாடு, நான் புதுசா ரெக்கார்ட் பண்ணி இதே காடியில போடறேன்."

நிஜாமும் ரிஷியும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். தாமரை என்னைப் பார்த்தாள். நான் வாயில் சோற்றை அடைத்துக்கொண்டேன். சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேனே, வேறு என்ன செய்ய?

போட்டி அன்றைக்குத் தாமரை கூப்பிட்டாள் என்று நானும் போனேன். தேங்காய்ச் சோறு, முட்டைச் சம்பல், நெத்திலி எல்லாம் அடுக்கில் கட்டிக்கொண்டேன். முதலில் அவள் வருகிறதாகவே இல்லை. பரமேஸ்வரன்தான் விடவில்லை. "உன் குரல்தானே ஜெயிக்கப் போவுது, நீ இல்லாம எப்படி?" என்றான். அந்த வார்த்தைக்கு அவள் முகம் போன போக்கை அவன் கவனிக்கவில்லை. நல்ல நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துத் தழும்பை மறைக்கத் துப்பட்டாவை ஒரு சுற்று சுற்றியிருந்தாள்.

ஒரு பேரங்காடியின் திறந்தவெளி கார் பார்க்கில் போட்டி. கூடாரம் போட்டிருந்தார்கள். தார்த் தரை வெயிலில் செருப்பைச் சுட்டது. இந்தப் பக்கம் இவர்களுடைய பிரிவு. அந்தப் பக்கம் கத்துகிற காடிகளின் பிரிவு. ஒவ்வொன்றும் திம் திம் என்று போடுகிற போடில் என் அடுக்குப் பாத்திரம் கையில் நடுங்கியது. நெஞ்சுக்குள் யாரோ குத்துகிற மாதிரி இருந்தது. சத்தம் கூடிய இடத்தில் தாமரை வாயே திறக்க மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள்.

நடுவர் ஒரு சீனர், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். சாந்தமான ஆள். காடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். பரமேஸ்வரன் கையைக் கட்டினான், அவிழ்த்தான், கட்டினான். நிஜாம் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். ரிஷி மட்டும் பேரங்காடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நடுவர் இறங்கி வந்தார். மலாயில்தான் பேசினார். இவ்வளவு அமைதியான காடியை இன்றைக்கு நான் பார்க்கவில்லை என்றார். கதவைச் சாத்தினதும் வெளியே இருக்கிற எதுவும் இல்லாமல் போய்விட்டது, நல்ல வேலை என்றார். பரமேஸ்வரன் முகம் மலர்ந்தது. பிறகு அவர், ஆனால் நடுவில் நிற்க வேண்டிய குரல் வலது பக்கம் போய்விட்டது, ஸ்டீயரிங் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றார்.

"இல்ல பொஸ், இருக்காது" என்றான் பரமேஸ்வரன். "ஒரு நிமிசம். ஒரே ஒரு பாட்டுக் கேளுங்க."

அவரும் மரியாதைக்கு மறுபடி ஏறினார். அவன் தாமரையின் பாட்டைப் போட்டுக் கதவைச் சாத்தினான். அவர் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் கேட்டார். இறங்கும்போது, நல்ல குரல், யார் பாடியது என்று கேட்டார். பரமேஸ்வரன் பெருமையாகத் தாமரையைக் காட்டினான். அவர் அவளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். அவள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இந்தப் பாட்டில் நடுவில்தான் நிற்கிறது" என்றார் அவர். "என் பாட்டில் வலது பக்கம் போகிறது. அப்படியென்றால் இந்தப் பாட்டைப் பிடித்த இடத்தைத்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்." சொல்லிவிட்டு அடுத்த காடிக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். போச்சு. மூன்று பேரும் ஒருத்தன்மேல் ஒருத்தன் பாய்ந்தார்கள்.

"அன்னிக்கே தலதலயா அடிச்சுக்கிட்டேன்" என்றான் ரிஷி. "என் பேச்ச யாராச்சும் மதிச்சீங்களா?"

"டேய், ரெக்கார்டிங்ல என்ன தப்பு இருக்கும்? நான்தானே வச்சேன்" என்றான் நிஜாம். "மேடைக்கு நேரா, நடு நாற்காலியில வச்சேன். வச்சுட்டுத் தே குடிக்கப் போனேன்."

"பாட ஆரம்பிச்சப்ப நீ அங்க இல்லியா?"

"நீ இருந்தியா மச்சான்?"

"நான் லோரியில இருந்தேன்டா. சரக்கு எறங்காம மாட்டிக்கிட்டேன், தெரியும்ல உனக்கு."

அந்தப் பக்கம் ஒரு காடி திம் திம் என்று ஆரம்பித்தது. தாமரை ஏதோ சொன்னாள். அவர்கள் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரடி முன்னால் போய் மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. பரமேஸ்வரன் திரும்பி, "என்னாது? இரும்மா, இரு" என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி நிஜாமிடம் திரும்பினான்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "வாயை மூடுங்கடா" என்றேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "அவ என்னமோ சொல்றா. மூணு பேரும் வாயை மூடிட்டு நில்லுங்க."

நின்றார்கள். தாமரை என் காதுக்கு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் உரக்கச் சொன்னேன். கோயிலில் ஒருத்தர் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்வார்களே, அந்த மாதிரி.

"நான் நடுவுல நிக்கலயாம்" என்றேன். "நடுவுல உஷாராணி அக்கா ஆர்மோனியத்தோட உக்காந்திருந்தாங்களாம். இவ மேடையைப் பாத்தா எடது பக்கம், தூணோரமா நின்னாளாம். நடுவுல ஃபேன் காத்து நேரா மொகத்துல அடிச்சுச்சாம். தொண்ட கட்டிக்கும்னு பயந்து தூணுக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டாளாம். பாடி முடியற வரைக்கும் அங்கதான் நின்னாளாம்."

நிஜாம் வாயைத் திறந்தபடி நின்றான். ரிஷி தரையில் குந்திவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. தூணோரம் நின்றவளை இழுத்து இழுத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், நல்லா இருந்த காடியைக் கோணலாக்கி. அவளோ அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பரமேஸ்வரன் அவளைப் பார்த்தான். "ஏன் தாமரை முன்னாடியே சொல்லல?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. "நீ ஒரு வார்த்தை விசாரிச்சியா? நீ எங்கம்மா நின்னு பாடுனன்னு ஒரு தடவையாச்சும் அவகிட்டக் கேட்டியா? மெஷின்கிட்டக் கேட்ட, உன் காதுகிட்டக் கேட்ட. அவளைக் கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தாமரை என் கையை அழுத்தினாள், போதும் என்கிற மாதிரி.

பரிசு அறிவிக்கிற நேரத்துக்கு வானம் கறுத்துவிட்டது. இவர்கள் பெயர் வரவில்லை, வராது என்று எல்லாருக்கும் தெரியும். கிள்ளான் மழை சொல்லிக்கொண்டா வரும், வந்தது. கூடாரம் ஒரு பக்கம் சரிந்தது, ஆட்கள் ஓடினார்கள். நிஜாம் தேத்தண்ணி தாப்பாவ் பண்ணி, பையில் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று பேரங்காடிக்குள் ஓடினான். நாங்கள் காடிக்குள் ஏறினோம். பரமேஸ்வரன் ஸ்டீயரிங்கில். தாமரை அவனுக்கு இடது பக்கம். ரிஷியும் நானும் பின்னால், என் மடியில் தொடாத சோற்று அடுக்கு.

கதவுகளைச் சாத்தினோம். நான் அந்தக் காடியில் மழையில் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறது, கூரைமேல் மழை குதிக்கிறது தெரிகிறது, ஆனால் சத்தம் உள்ளே வரவில்லை. எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி லேசாக, அவ்வளவுதான். என் சப்பாத்திக் கட்டை செத்ததற்கு இதுதான் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிஷி லேப்டாப்பைத் திறந்தான். "அண்ணே, அன்னிக்குச் சேவ் பண்ணி வச்ச அளவு இருக்கு. போடட்டுமா?"

பரமேஸ்வரன் தலையை ஆட்டினான். ரிஷி ஏதோ தட்டினான். பாட்டு வந்தது. ஆர்மோனியம் நேர் நடுவில், டேஷ்போர்டு மேல் யாரோ பெட்டியை வைத்து வாசிக்கிற மாதிரி. பிறகு தாமரையின் குரல். அது நடுவில் வரவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது. நான் பின்சீட்டில் இருந்தவள், எனக்கே தெரிந்தது. தாமரை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வந்தது.

பரமேஸ்வரன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். திரும்பாமல் இருக்க முடியாது, கூப்பிட்டால் திரும்புவோமே அப்படித் திரும்பினான். குரல் அங்கே பாடிக்கொண்டிருந்தது. அவள் உதடு மூடியிருந்தது. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே பார்த்தேன். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. பாவி, அவனுக்கும் அந்தக் குரல்மேல் ஆசைதானே.

தாமரை கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். அவன் இன்ஜினையும் அடைத்தான். ஏர்கோன் நின்றது. கண்ணாடியில் ஆவி படிய ஆரம்பித்தது.

பிறகு அவள் பேசினாள். கழுத்தை நீட்டவில்லை, நரம்பு புடைக்கவில்லை. அடுப்படியில் என்னிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள். கரகரவென்றுதான் வந்தது. ஆனால் அந்தக் காடிக்குள் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மூச்சு எங்கே வாங்குகிறாள் என்பதுகூடக் கேட்டது.

"பாட்டு இனிமே வராதுங்க. டாக்டர் போன தடவையே சொல்லிட்டாரு. ஊசி போட்டா பேச்சு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்தான் சொல்லாம வச்சிருந்தேன். இனிமே இந்தக் குரல்தான். செவ்வாய்க்கெழம நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் அக்காவோட போயிட்டு வந்துடறேன்."

பரமேஸ்வரன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெறும் ஆவி. ரிஷி லேப்டாப்பைச் சத்தமில்லாமல் மூடினான். இந்தத் தடவை என் வாய்க்கு வேலை இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்தாள் தாமரை. பழக்கம் விடுமா. அவனுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எச்சில் விழுங்கி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, திரும்பச் சொல்ல மூச்சை இழுத்தாள்.

"வேணாம், தொண்டைய நோகடிச்சுக்காத" என்றான் பரமேஸ்வரன். "மொதத் தடவையே கேட்டுச்சு."